ஓரம் வெட்டாத பைண்டிங் கடை, பாளையங்கோட்டை தெற்கு பஜார்

பழைய நோட்டு, தாத்தா காலத்துப் பத்திரம், கணக்குப் பேரேடு, அம்மா எழுதி வைத்த சமையல் குறிப்பு என்று ஏதாவது வீட்டில் பிரிந்து கிடந்தால் பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் ஒரு பைண்டிங் கடை இருக்கிறது, அங்கே கொடுக்கலாம். அவசரம் என்றால் கொடுக்காதீர்கள். நேரமில்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் நாங்கள் அங்கே கொடுத்தது எங்கள் வரலாற்றுப் பேராசிரியரின் வகுப்புக் குறிப்புகள். சார் போன ஐப்பசியில் தவறிவிட்டார்.

முதலில் போனது இந்தக் கடைக்கு இல்லை. கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்து பைண்ட் பண்ணும் ஒரு கடை, பெயர் வேண்டாம், அங்கே மாதிரிக்கு ஒரு நோட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் ஓரம் வெட்டி, பளபளவென்று ரெக்ஸின் அட்டை போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. திறந்தால் வலது ஓரத்தில் சார் எழுதியிருந்தது எல்லாம் போயிருந்தது. சில வரிகளில் பாதிச் சொல், சில இடங்களில் ஒரு கொம்பு, ஒரு புள்ளி, அவ்வளவுதான். வெட்டிய துண்டுகளையாவது கொடுங்கள் என்றால் குப்பையோடு போய்விட்டதாம். எங்கள் பேட்ச் பையன் ஒருத்தன் அந்த நோட்டை மட்டும் ஏற்கெனவே போனில் படம் எடுத்து வைத்திருந்தான், அதனால் தப்பித்தோம்.

ஓரம் போனால் என்ன, பாடம் இருக்கிறதே என்று அந்தக் கடைக்காரர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, சாரிடம் படிக்காதவருக்கு இது புரியாது. சாரின் நோட்டில் பக்கத்தின் நடுவே நீல மையில் பாடம் இருக்கும். ஓரத்தில், சிவப்பு ரீஃபிலில், அந்தப் பாடத்தின் மேல் அவருக்கு இருக்கும் சந்தேகம் இருக்கும்.

உதாரணத்துக்கு, கொக்கிரகுளத்தில் நாம் தினமும் ஹார்ன் அடித்துக்கொண்டே கடக்கும் சுலோசன முதலியார் பாலத்தைப் பற்றி ஒரு பக்கம். 1843இல் கட்டி முடித்தது, கலெக்டர் கச்சேரியில் வேலை பார்த்த முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது, அதற்கு முன்னால் ஆற்றைக் கடக்கப் பரிசலுக்கும் தோணிக்கும் ஜனங்கள் பட்ட பாடு, எல்லாம் நடுவில். அடுத்த பத்தியில், பாலத்துக்காக அவர் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்த கதை. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், கேட்டால் கண் கலங்கும். அதற்கு நேராக ஓரத்தில் சார் எழுதியிருப்பது: "செவிவழி. காகிதத்துல இன்னும் பாக்கல. கதைன்னு சொல்லிட்டே சொல்லணும்." இந்த ஓரத்தில் அரை அங்குலத்தை வெட்டிப் போட்டால் அந்தக் கதை வரலாறு ஆகிவிடும். மனுஷன் முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் தொண்டை வறள எதை வேண்டாம் என்று சொன்னாரோ, அதை ஒரு மெஷின் ஒரே அமுக்கில் செய்துவிடும்.

அதன் பிறகுதான் டீச்சர், அதாவது சாரின் மனைவி, தெற்கு பஜார் அண்ணாச்சியிடம் போகச் சொன்னார். கடைக்குப் பலகை கிடையாது. பாத்திரக்கடைகள் தாண்டி ஒரு சந்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, பைண்டிங் கடை எங்கே என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ஒரு இரும்புப் பிரஸ், தைப்பதற்கு ஒரு மரச்சட்டம், மூலையில் பசைச் சட்டி. மெஷின் என்று ஒன்றும் இல்லை, வெட்ட வேண்டியதைக் கையால்தான் வெட்டுகிறார். நாங்கள் கொடுத்த முதல் கட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார் போல. அப்புறம் சொன்னார்: "தம்பி, இத வெட்டக் கூடாது, பாத்துக்கிடுங்க. ஓரத்துலதான் ஆளு பேசுதாரு. வெட்டாமத் தச்சா விளிம்பு ஒண்ணு போல நிக்காது, ஏத்த இறக்கமா இருக்கும், பரவால்லியா?" எங்களுக்கு அப்போதே பாதி நிம்மதி.

இங்கே சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நினைவஞ்சலிக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஏறி, சாருக்கு ஏழு மொழி தெரியும், நூறு கல்வெட்டு கண்டுபிடித்தார், தூங்கவே மாட்டார் என்றெல்லாம் அடித்து விட்டார்கள். சார் கூட்டத்தில் இருந்திருந்தால் கடைசி வரிசையில் இருந்து எழுந்து "யாருடே சொன்னா?" என்று கேட்டிருப்பார். அவர் வகுப்பில் கேட்ட கேள்வியே கிட்டத்தட்ட அது ஒன்றுதான். பதில் சொன்னதும் அடுத்தது வரும்: நீ பார்த்தியா, கேட்டியா, படிச்சியா? நான் பார்த்தவரை சாருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், வட்டெழுத்தை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் நன்றாகவே தூங்குவார். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று முதல் வருஷத்தில் ஒருத்தன் கட்டுரையில் எழுதியதற்கு, "எந்த ஆக்ஸ்போர்டுக்காரன் வந்து பாத்துட்டுச் சொன்னான்?" என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மார்க் மட்டும் குறைக்கவில்லை.

கட்டபொம்மன் பாடத்தை அவர் நடத்தியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடைத்தாளில் சினிமா வசனம் எழுதினால் முட்டை என்று முதலிலேயே சொல்லிவிடுவார். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம், இதெல்லாம் எங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவர் கொண்டு வந்தது அதற்கு மறுநாள் மேஜர் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல். தூக்கில் போட்ட ஆளே எழுதுகிறான், விசாரணை நடந்த நேரம் முழுக்கப் பாளையக்காரர் கொஞ்சம்கூட அஞ்சவில்லை, எங்களை அலட்சியமாகத்தான் பார்த்தார் என்று. "நாம புகழ்ந்தா அது பாசம். எதிரி தன் மேலதிகாரிக்கு எழுதுனா அது சாட்சி. இது கையில இருக்கும்போது வசனம் எதுக்குடே?" என்றார். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில்கூட ஒரு சிவப்பு வரி இருக்கிறது: கடிதத்தை நான் கால்டுவெல் புத்தகத்தில்தான் பார்த்தேன், மூலத்தை இன்னும் பார்க்கவில்லை என்று. கால்டுவெல் பிஷப் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தைத்தான் சொல்கிறார்.

மானூர்க் கல்வெட்டு அவருக்கு ரொம்பப் பிடித்தது. கி.பி. 800ஐ ஒட்டி, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஊர்ச்சபையில் யார் உட்காரலாம் என்று விதி போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பேசும் உத்திரமேரூருக்கு ஒரு நூறு வருஷத்துக்கும் மேல் முந்தியது. நிலம் வேண்டும், படிப்பு வேண்டும், நடத்தை வேண்டும் என்பதோடு, சபையில் எதைச் சொன்னாலும் "அன்று, அன்று" (அதாவது அல்ல, அல்ல) என்று குறுக்கே நிற்கிறவனுக்கு ஐந்து காசு அபராதம். இதைச் சொல்லிவிட்டு, நம் கல்லூரியில் இதை அமல்படுத்தினால் ஒரே வருஷத்தில் புதுக் கட்டடம் கட்டிவிடலாம் என்பார். அடுத்த வரியிலேயே, நிலம் இல்லாதவனுக்கு அந்தச் சபையில் இடமே இல்லை, அதனால் குடவோலை, ஜனநாயகம் என்று ரொம்பத் துள்ளாதீர்கள் என்று ஒரு தட்டும் வைப்பார்.

கொற்கைக்கு வேனில் கூட்டிப் போனபோது அந்தப் பழைய வன்னிமரத்துக்கு இரண்டாயிரம் வயசு என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். சார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், வேனில் ஏறியதும் "எண்ணுனது யாரு?" என்று ஆரம்பித்துவிட்டார். ஆனால் கடல் ஒரு காலத்தில் இங்கே வரை இருந்தது, இப்போது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது என்பதை நம்பினார், காரணமும் சொன்னார்: தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய மண், அந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் எழுதி வைத்தது. கடைசியாக, 2025 ஜனவரியில் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் ஐயாயிரம் வருஷத்துக்கு மேலே போகிறது என்று அரசு அறிவித்த அன்று நாங்கள் எல்லாம் குதித்துக்கொண்டு அவருக்குப் போன் பண்ணினோம். சந்தோஷம்தான் பட்டார். பட்டுவிட்டு, "கரித்துண்ட வச்சுச் சொல்லுதாங்களா, பானை ஓட்ட வச்சா? ரெண்டும் வேற வேற முறைடே. அறிக்கையப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு வா" என்றார். எடுத்துக் கொண்டு போனோம். அதன் ஓரத்திலும் எழுதினார். அது மூன்றாம் பாகத்தில் சேர்ந்திருக்கிறது.

சரி, கடைக்கு வருவோம். நோட்டுகளின் நிலைமை லேசுப்பட்டது இல்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எல்லாம் ஏறியதே, அதில் சிந்துபூந்துறையில் இருந்த சார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்து கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி முழுகிவிட்டது. சாரும் டீச்சரும் மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகப் பரப்பி, மேலே கல் வைத்துக் காய வைத்திருக்கிறார்கள். பேனாவில் எழுதிய பழைய நோட்டுகளில் மை கரைந்து நீலமாக ஓடிவிட்டது. பால்பாயிண்டில் எழுதியது அப்படியே நிற்கிறது. இதனால் சில பக்கங்களில் பாடம் முழுக்கக் கரைந்து, சிவப்பு ரீஃபிலில் எழுதிய சந்தேகம் மட்டும் மிச்சம். எதைப் பற்றிய சந்தேகம் என்று இப்போது நாங்கள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

பெரும்பாலான தாள்களில் பக்க எண் கிடையாது. காய்ந்த பிறகு வரிசையும் கலைந்துவிட்டது. பாடம் பார்த்து அடுக்க நாங்கள் முயன்று, பாண்டியனையும் நாயக்கரையும் பிரித்தோம், அதற்கு மேல் ஓடவில்லை. அண்ணாச்சி என்ன செய்தார் என்றால், தண்ணீர்க் கறையைப் பார்த்தார். ஈரம் அடுத்தடுத்த தாள்களில் ஒரே மாதிரி ஏறும், கறையின் விளிம்பு ஒரு தாளில் இருந்து அடுத்த தாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும். அந்த விளிம்பைப் பொருத்திப் பொருத்தித் தாள்களை வரிசையாக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் (பார்த்தது, கேட்டது இல்லை). பழுப்பாக ஒரு மலைத்தொடர் மாதிரி கோடு, அது தாளுக்குத் தாள் ஒரு நூல் அளவு இறங்கிக்கொண்டே போகிறது. அப்புறம் படித்துப் பார்த்தால் வாக்கியம் அடுத்த பக்கத்தில் சரியாகத் தொடர்கிறது. இதை சார் பார்த்திருந்தால் வகுப்புக்கே கூட்டி வந்து பாடம் நடத்தச் சொல்லியிருப்பார்.

ஒட்டிக்கொண்ட தாள்களை மூங்கில் சீவலை உள்ளே விட்டு மெதுவாகப் பிரிக்கிறார். கிழிசலுக்கு மெல்லிய காகிதம் ஒட்டுகிறார், செலோடேப் என்றால் கோபம் வருகிறது. ஏற்கெனவே யாரோ ஒட்டியிருந்த டேப் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றிருந்ததைக் காட்டித் திட்டினார், நாங்கள் ஒட்டவில்லை என்று சொல்லியும் எங்களைத்தான் திட்டினார். எல்லாம் ஒற்றைத் தாளாக இருந்ததால் நேரடியாக மடித்துத் தைக்க முடியாது. அதனால் இரண்டு இரண்டு தாளுக்கு நடுவே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, அதை மடித்துப் பாரம் பாரமாக (மடித்த தாள்களின் தொகுதி தொகுதியாக) சேர்த்து, மெழுகு தடவிய நூலால் சட்டத்தில் வைத்துத் தைக்கிறார். இதில் லாபம் என்னவென்றால், இடது ஓரத்தில் எழுதியதும் தையலுக்குள் போய் மறைவதில்லை. புத்தகத்தை மேஜையில் விரித்தால் கையை எடுத்த பிறகும் விரிந்தே கிடக்கிறது. பக்கவாட்டில் குத்தித் தைத்த புத்தகத்தை வைத்து நகல் எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பசை மைதாவில் காய்ச்சியது, பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போடுகிறார். முதுகுக்குக் கலிக்கோ துணி, அட்டைக்குக் கனமான பலகை மாதிரி ஒன்று. பளபளப்பு கிடையாது.

விலை. இருநூறு தாள் வரும் ஒரு பாகத்துக்கு 380 ரூபாய், கிழிசல் ஒட்டிய வேலைக்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை, நாங்கள் கூடக் கொடுத்ததை டீச்சர் பேரைச் சொன்ன பிறகுதான் வாங்கினார். அட்வான்ஸ் பாதி. பணமாகக் கொடுத்தால் அவருக்கு நிம்மதி, ஜிபே என்றால் மகன் நம்பர், மகன் போனை எடுத்தால்தான் வந்ததா வரலையா என்று தெரியும்.

இனி குறை. முதல் குறை நேரம். "வெள்ளிக்கிழமை வாங்க" என்பார், எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நினைவுக் கூட்டத்தில் மேடையில் வைக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தோம், ஒரு பாகம்கூடத் தயாராகவில்லை, கூட்டத்துக்கு வெறும் போட்டோவும் குத்துவிளக்கும்தான் இருந்தன. அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்கு அவர் சொன்ன பதில், பசை காயாம பிரஸ்ஸுல இருந்து எடுத்தா அட்டை வளையும், ஆளு போயிட்டாரு, நோட்டாவது நேரா நிக்கட்டும் என்பது. அதற்கு மேல் என்ன பேச. ஆனாலும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, ரசீது கிடையாது. எத்தனை தாள் கொடுத்தோம் என்று நீங்களே எண்ணி, எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். மூன்றாவது, முதுகில் தங்க எழுத்தெல்லாம் போட முடியாது. பேப்பர் ஒட்டி அவர் கையாலேயே எழுதித் தருகிறார். அழகான கையெழுத்துதான், ஆனால் எங்கள் இரண்டாம் பாகத்தில் ஆதிச்சநல்லூருக்கு நெடிலைக் குறிலாக்கிவிட்டார். வேறு யார் புத்தகமாக இருந்தாலும் விட்டிருப்போம், இது சார் புத்தகம். சொன்னதும் சிரித்துக்கொண்டே மாற்றி ஒட்டிக் கொடுத்தார். நான்காவது, ஜூன் மாதம் பக்கமே போகாதீர்கள், பள்ளிக்கூட நோட்டுகள் மலை மாதிரி கிடக்கும், உங்கள் கட்டு அடியில் போய்விடும்.

இன்னொன்று. அவர் தைப்பதற்கு முன் படிக்கிறார். உங்கள் குடும்ப ரகசியம் ஏதாவது நோட்டில் இருந்தால் யோசித்துக் கொடுங்கள். எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒரு நாள் போனபோது மானூர்க் கல்வெட்டு எந்தக் கோயிலில் இருக்கிறது, எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார். பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். இது அவர் சொன்னது, நான் கூடப் போகவில்லை.

கொடுப்பதற்கு முன் எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்துவிடுங்கள், எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும். ஸ்கேன் செய்யும்போது ஓரம் வரை விழுகிறதா என்று பாருங்கள், சில செயலிகள் தாமாகவே ஓரத்தை வெட்டிவிடுகின்றன, அந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும். அண்ணாச்சியிடம் நகல் எடுக்கும் வசதி இல்லை. தைத்த பிறகு டீச்சருக்கு மூலமும், துறை நூலகத்துக்கு ஒரு நகலும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: வேலைக்கு ஐந்துக்கு ஐந்து, நேரத்துக்கு ஒன்று.

நான்காம் பாகம் இன்னும் கொடுக்கவில்லை. அதில் சுதந்திரப் போராட்டப் பாடங்கள் வர வேண்டும், ஆனால் இரண்டு கட்டு வெள்ளத்தில் அப்படியே கூழாகிவிட்டது. ஒன்று 1908 மார்ச் 13 திருநெல்வேலி எழுச்சி, வ.உ.சி. கைதான மறுநாள் நடந்தது. இன்னொன்று 1942 குலசேகரப்பட்டினம் வழக்கு, லோன் என்ற உப்பு அதிகாரியின் கொலையில் காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்கு விதித்து, அப்புறம் அது குறைக்கப்பட்டு இருவரும் வெளியே வந்த கதை. சார் இந்த இரண்டையும் நடத்தும்போது அவர் நோட்டையே வாங்கி நகல் எடுத்த சீனியர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். யாரிடமாவது அந்த நகல் இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, தெற்கு பஜாரில் அண்ணாச்சி கடையிலேயே "வரலாறு சார் கட்டு" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள், வாங்கி வைத்துக்கொள்வார். உங்கள் சொந்த நோட்டில் நீங்கள் எழுதிக்கொண்டது மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையும் கொடுக்கலாம், முதல் பக்கத்தில் எந்த வருஷம், வகுப்பில் கேட்டு எழுதியதா, பிறகு நினைவிலிருந்து எழுதியதா என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.